கல்லும் நீரும் கண்ட காவலன்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், மூவர் தேவாரமும் பெற்ற திருமழபாடி இருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 அளவில், அவ்வூர்க் கோயிலுக்கு ஓர் ஆணை பிறப்பித்தான். பழைய விமானத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். ஆனால் பிரிக்கும் முன்னர் அதன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளை எல்லாம் ஏட்டிலே படியெடுத்து வைக்க வேண்டும் என்பது அந்த ஆணை. அவ்வாறே படியெடுத்தனர், பிரித்தனர், கட்டினர். படியெடுத்த எழுத்துகள் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றது இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1025-26 அளவில்.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை மறைந்தான். மைந்தன் ஈழத்தை வென்றான். மேலைச் சாளுக்கியரோடு பொருதான். அவன் படை கங்கைக் கரைவரை சென்று மீண்டது. கடல் கடந்து கடாரத்திற்குக் கப்பல்கள் புறப்பட்டன. தஞ்சையை விட்டுத் தலைநகரமே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. இத்தனை இரைச்சலுக்கும் நடுவில், ஆற்றங்கரைக் கோயில் ஒன்றின் பழைய எழுத்துகளைத் தாங்கிய ஏடு தொலைந்து போகவில்லை. யாரோ அதைக் காத்தார்கள்; யாரோ அதை நினைவூட்டினார்கள்; உளி பிடித்த யாரோ ஒருவர், தமக்கு எவ்வகையிலும் தொடர்பில்லாத பழங்கொடைகளை வரி பிசகாமல் வெட்டினார். முதலாம் இராசேந்திரனை வெற்றிவேந்தனாக மட்டும் அறிந்தவர்கள் அவனை அறியத் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

இராசராசனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாக ஆடித் திருவாதிரையில் பிறந்தவன் அவன். 1012இல் தந்தையோடு இணைந்து முடிசூடிக்கொண்டான். அப்போது அவன் இளைஞன் அல்லன். ஆறு ஆண்டுகள் கழித்து, 1018இல், அவனே தன் மகன் இராசாதிராசனுக்கு உடனாளும் பட்டம் கட்டினான் என்பதைக் கொண்டு பார்த்தால், முடி தலைக்கு வருமுன்பே அவன் நடுவயதை எட்டியிருத்தல் வேண்டும். வாழ்நாளின் பெரும்பகுதியை அவன் கற்பதிலும் காத்திருப்பதிலும் கழித்தவன். அந்தக் காத்திருப்பு நிகழ்ந்த இடம் எளிய இடமன்று. தஞ்சையில் உலகம் வியக்கும் ஒரு கோயில் அவன் கண்முன்னே அடித்தளத்திலிருந்து உச்சிவரை எழுந்துகொண்டிருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவர். அதன் சுவர்களையும் அதிட்டானத்தையும் படித்தவர்களை வியக்க வைப்பது மற்றொன்று. விமானத்தின் உச்சிக்கு 1010இல் இராசராசன் கொடுத்த செப்புக்குடத்தின் எடை பலக்கணக்கிலும், அதன்மேல் போர்த்திய பொன்னின் எடை அரைக்கழஞ்சும் விடாமல் கழஞ்சுக் கணக்கிலும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. நகைகளில் பதித்த முத்துகள் வகைபிரித்து எண்ணப்பட்டுள்ளன. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள், அவர்கள் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தனர் என்பதோடு எழுதப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் கல். நெல்லை அளக்க ஆடவல்லான் என்னும் மரக்கால். தான் கொடுத்ததையும், தன் தமக்கை கொடுத்ததையும், தன் தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் ஒருசேரக் கல்லில் வெட்டச் செய்த மன்னன் அவன். பெருந்தச்சன் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே உண்டு. நாட்டு நிலத்தையெல்லாம் வேலியின் மிக நுண்ணிய பின்னம்வரை அளப்பித்த அரசு, கோயிலையும் அதே கண்ணோடுதான் கட்டியது.

இராசேந்திரன் கற்ற பள்ளி அது. அளவு பிழைத்தால் கல் பொருந்தாது. கணக்குப் பிழைத்தால் விளக்கு எரியாது. இரண்டும் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள்.

பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் ஊரார் சொல்வது வழக்கம். நிழல் எல்லாக் கட்டடங்களுக்கும் விழுவது போலவே விழுகிறது. உச்சிச் சிகரமும் பல கற்களை இணைத்து அமைத்ததே என்று ஆய்ந்தவர்கள் கூறுவர். மாயத்தைப் புகழப் புகழத் தச்சனின் உழைப்பு மறைந்து போகிறது. பல துண்டுகளை அவ்வளவு உயரத்தில், இடைவெளி தெரியாமல், ஆயிரம் ஆண்டு நிற்கும்படி பொருத்தியதுதான் அரிய செயல்.

இராசேந்திரனின் போர்களை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அவனுடைய மெய்க்கீர்த்தியே அவற்றை வரிசையாகச் சொல்லும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவன் இளவரசனாகச் சாளுக்கிய நாட்டின்மேல் நடத்திய படையெடுப்பைப் பற்றி, 1007ஐச் சேர்ந்த ஒட்டூர்க் கல்வெட்டு கொடிய சொற்களில் முறையிடுகிறது. பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர் என்பது பகைவர் தரப்புச் செய்தி. பகைவர் சொல் என்று அதை முழுதும் தள்ளிவிட இயலாது. பின்னாளில் எழுந்த கற்றளிகளுக்குள் களத்தில் கொண்ட பொருளும் கலந்திருக்கிறது. அவன் கட்டியவற்றின் அழகைக் காணும் கண் இதையும் கண்டாக வேண்டும்.

1022-23 அளவில் கங்கைப் படையெடுப்பு நிகழ்ந்தது. படைத்தலைவன் வடக்கே சென்றான். மன்னன் கோதாவரிக் கரைவரை சென்று, வென்று மீண்ட படையை அங்கே எதிர்கொண்டான். தோற்ற மன்னர்களின் தலைமேல் கங்கை நீர்க் குடங்கள் ஏற்றப்பட்டன என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். 1905இல் கிடைத்த, 31 ஏடுகள் கொண்ட அந்தச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி ஒரு கவிஞனின் ஆக்கம். ஆதலால் மிகை இருக்கலாம். ஆயினும் மன்னன் கங்கையிலிருந்து கொணர்வித்த பொருள்களில் முதன்மை பெற்றது பொன்னோ யானையோ அன்று, நீர். அந்த நீரை என்ன செய்வது என்னும் கேள்விக்கு அவன் கண்ட விடையே அவனைப் பிற வெற்றிவேந்தர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. வெற்றித் தூண் நாட்டுவது அரசர் வழக்கம். இவன் ஓர் ஏரியை எடுத்து அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான். செப்பேட்டுக் கவிஞன் அந்த ஏரியையே நீரினால் ஆகிய வெற்றித் தூண் என்று கண்டான்.

புதிய தலைநகருக்கு அவன் தேர்ந்த இடம் காவிரிப் படுகையில் இல்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்று செயங்கொண்டத்துக்கு அருகில், செம்மண்ணும் மேட்டுநிலமும் கலந்த வானம் பார்த்த பகுதி அது. தஞ்சையின் வளம் இருக்க, இங்கே ஏன் வந்தான்? வடதிசைப் படைவழிக்குக் கொள்ளிடம் தடையாகாது என்பது ஒரு காரணமாகலாம். நெல் விளையும் நன்செய்யை மதிலும் மாளிகையும் விழுங்க வேண்டாம் என்பது மற்றொன்றாகலாம். எக்காரணம் ஆயினும், அந்த நிலத்தில் ஒரு மாநகரம் வாழ வேண்டுமானால் முதலில் நீர் வேண்டும். கோயிலுக்கு நாள் பார்ப்பதற்கு முன்னரே ஏரிக்குக் கோல் பிடித்திருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு. சுண்ணாம்பு நீற்றவும், செங்கல் அறுக்கவும், ஆயிரக்கணக்கான பணியாளர் குடிக்கவும் நீரில்லாமல் அங்கே எந்தப் பணியும் தொடங்கியிருக்க முடியாது.

சோழகங்கம் இன்று பொன்னேரி எனப்படுகிறது. நகருக்கு மேற்கே, வடக்குத் தெற்காக, ஏறத்தாழ 16 மைல் நீளத்துக்குக் கரை. தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவுக்குக் கால் வெட்டி நீர் கொணர்ந்தனர் என்றும், வடக்கே வெள்ளாற்றிலிருந்து மற்றொரு கால் வந்தது என்றும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. எண்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். அந்தக் கரையின்மேல் நடப்பவருக்கு அவை பொய்யாகத் தோன்றமாட்டா.

ஏரி வெட்டுதல் என்று சொல்கிறோம். உண்மையில் நம் நாட்டில் ஏரி என்பது பெரும்பாலும் கரை எடுத்தலே. நிலத்தின் சரிவை அறிந்து, மழைநீர் ஓடும் திசைக்குக் குறுக்கே மண்ணை அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து மிதித்து இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கு. அலை மோதும் உட்புறத்தைக் கல்லால் காக்க வேண்டும். வயலுக்கு நீர் விட மதகும் குமிழியும், மிகும் நீர் வழிந்தோடக் கலிங்கும் அமைய வேண்டும். கலிங்கு சற்று உயர்ந்துவிட்டால் பெருமழையில் கரை உடையும். சற்றுத் தாழ்ந்துவிட்டால் ஏரி ஒருபோதும் நிரம்பாது. கோயிலில் ஒரு கல் பிசகினால் அடுத்த கல் வைக்கும்போதே தெரிந்துவிடும். கரையில் பிசகினால் அது ஐப்பசி மழையில்தான், அதுவும் நள்ளிரவில்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பிழை செய்யாதிருக்கும் மனம் வேண்டும். அந்த மனம் மன்னனுக்கு மட்டும் இருந்து பயனில்லை. கூடை சுமந்த ஒவ்வொருவருக்கும் இருந்தாக வேண்டும். சோழநாட்டார்க்கு இது புதிய வேலையன்று. முதற் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரி, இன்றைய வீராணம், அண்மையிலேயே இருந்தது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் பொன்னேரிக் கரையில் அடங்கியிருந்தது.

இனிக் கோயில். கங்கைகொண்ட சோழீச்சரத்தின் விமானம் ஏறத்தாழ 180 அடி உயரம். தஞ்சை விமானத்தை 216 அடி என்பர். அடித்தளம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, பக்கத்துக்கு 100 அடியளவுச் சதுரம். தஞ்சையில் 13 தளங்கள், இங்கே 9. தந்தையைவிடப் பெரும்பொருளும் பெருநிலமும் ஆண்ட மகன், தந்தையினுடையதைவிடத் தாழ்ந்த விமானத்தை எடுத்தது ஏன்?

தந்தையின் புகழை மிஞ்சக்கூடாது என்னும் பணிவே காரணம் என்பது மக்கள் வழக்கு. இனிய விடைதான். ஆயினும் அந்த விமானத்தின் முன்னே நெடுநேரம் நிற்பவர்க்கு அவ்விடை போதாது. பணிவு மட்டுமே காரணமானால், தஞ்சை விமானத்தையே சற்றுக் குறைத்துக் கட்டியிருக்கலாம். சிறிய தஞ்சை ஒன்று கிடைத்திருக்கும். இங்கே உருவமே வேறு. தஞ்சை விமானம் தரையிலிருந்து வானுக்குக் கோடு கிழித்தாற்போல நேராக ஏறுகிறது. அதில் ஆணை இருக்கிறது. சோழபுரத்து விமானமோ சதுரமாகத் தொடங்கி, மூலைகள் உள்வாங்கி, மேலே செல்லச் செல்ல மென்மையாகி, சற்றே குழைந்த வளைவோடு சிகரத்தை அடைகிறது. அந்த வளைவு கண்ணுக்கு இனிதாக அமைய வேண்டுமானால், அதே அடித்தளத்தின்மேல் உயரம் குறைந்தே ஆக வேண்டும். 36 அடியைத் தந்தைக்கு விட்டுக்கொடுத்தான் என்பதைவிட, வளைவுக்குக் கொடுத்தான் என்பது பொருந்தும். இரண்டும் ஒருங்கே உண்மையாகவும் இருக்கலாம்.

பெரும்படைப்பு ஒன்றுக்குப் பின்னால் பிறந்தவனின் இடர் இது. கவிஞர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்னோனைப் படியெடுத்தால் நிழலாகிவிடுவான். முன்னோனை எதிர்த்தே கட்டினால் அதுவும் முன்னோனுக்கு அடிமைப்படுதலே. இராசேந்திரனும் அவனுடைய தச்சர்களும் அதே அடித்தளத்தை எடுத்துக்கொண்டனர். அதே இரட்டை அடுக்குச் சுவரை எடுத்துக்கொண்டனர். வாயிற்காவலரின் பேருருவை எடுத்துக்கொண்டனர். கருவறையில் ஏறத்தாழ 13 அடி உயரத்துக்கு இலிங்கத்தை நிறுவினர். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின், கோட்டின் போக்கை மட்டும் மாற்றினர். அதில் அனைத்தும் மாறிவிட்டது. இராசராசேச்சரத்தையும் இதையும் பாடும் பேறு கருவூர்த்தேவர் ஒருவருக்கே வாய்த்தது. அவருடைய திருவிசைப்பா இரண்டு தலங்களுக்கும் உண்டு.

கல் எங்கிருந்து வந்தது என்பதும் எண்ணத்தக்கது. அரியலூர்ப் பக்கம் பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் நிலம். கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும் மண் அது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பியே இன்றைய சிமெண்ட் ஆலைகள் அங்கே நிற்கின்றன. செங்கல்லுக்கும் சாந்துக்கும் அது ஏற்ற இடம். விமானக் கல்லுக்கு அன்று. கருங்கற் குன்றுகள் வேண்டுமானால் மேற்கே பெரம்பலூர்ப் பக்கமோ அதற்கும் அப்பாலோ செல்ல வேண்டும். ஆக, ஒவ்வொரு கல்லும் வண்டியிலும் உருளையிலும் பல நாள் வழிநடந்து வந்ததே. வந்த கல்லை வீணாக்குவது எந்தத் தச்சனுக்கும் மனம் வராத செயல். பாறையில் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, ஒரே கோட்டில் பிளந்து, கரடு நீக்கி, மட்டம் பார்த்து, சாந்தில்லாமல் கல்லோடு கல் பொருந்தும்வரை உரசிப் பார்த்து ஏற்றினர். அன்றைய பணியிடத்தின் நினைவு இன்றும் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பு நீற்றிய இடம் சுண்ணாம்புக்குழி; படைக்கலம் இருந்த இடம் ஆயுதக்களம்; கோட்டைக்குள் இருந்த ஊர் உட்கோட்டை; அரண்மனை நின்ற இடம் மாளிகைமேடு.

விமானத்தின் வடபுற வாயிற்படி அருகே சண்டேசர்க்கு அருளும் சிவனின் சிற்பம் உள்ளது. உமையோடு அமர்ந்த இறைவன், தன் காலடியில் கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியவரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். அந்த அடியவர் இராசேந்திரனே என்று கருதுவோர் பலர். அதற்குச் சான்று ஒன்றும் கல்லில் இல்லை. ஆனால் அந்த விரல்களின் செயலைக் காண வேண்டும். மாலையைக் கொடுக்கும் விரல்கள் அல்ல. பிள்ளைக்குத் தலைவாரி விடுகின்ற தாயின் கவனத்தோடு, சுற்று விலகாமல் கட்டுகின்ற விரல்கள். உலகை ஆள்பவன் செய்யும் சிறிய வேலை. அதற்கு எதிரே கலைமகள், அமைதியே உருவாக. பண்டிதசோழன் என்று பெயர் பெற்ற மன்னனுக்கு அந்த இடம் தகும். எண்ணாயிரத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல்லளந்து நடந்த கல்லூரி அவன் காலத்ததே.

இனி, இந்தக் கோயிலின் மிகப்பெரிய வியப்பு. தஞ்சையின் கற்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. சோழபுரத்தின் கற்கள் பேசவில்லை. இன்று அங்கே கிடைக்கும் பெருங்கல்வெட்டுகளுள் முந்தியது அவன் மகன் வீரராசேந்திரன் காலத்தது. தந்தை தன் 23ஆம், 24ஆம் ஆட்சியாண்டுகளில் இட்ட கொடைகளை மகனின் கல்வெட்டே எடுத்துரைக்கிறது. கங்கையையும் கடாரத்தையும் நாடு நாடாகச் சொல்லிச் செல்லும் மெய்க்கீர்த்தியில் இந்தக் கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தச்சனின் பெயரும் இல்லை. எழுத்தின் அருமை அறியாதவன் என்றால் திருமழபாடி ஏடு இடைமறிக்கும். ஊர்க்கோயிலின் பழைய எழுத்தைக் காத்தவன், தான் எடுத்த பெருங்கோயிலில் தன் எழுத்தை வெட்டாமல் விட்டான். மன்னன் பெயரேனும் ஊர்ப்பெயரில் நிற்கிறது. அந்த வளைவைக் கண்டவன் பெயர்தான் போயிற்று. குஞ்சரமல்லனுக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லை. இது அநீதி என்றே சொல்ல வேண்டும்.

அவன் மனத்தின் மென்மையான பக்கத்தைக் காட்டும் கட்டுமானங்கள் வேறு இடங்களில் உண்டு. தன்னைப் பெறாத தாயான பஞ்சவன் மாதேவிக்காகப் பட்டீச்சுரத்துக்கு அருகே 1019 அளவில் பள்ளிப்படைக் கோயில் ஒன்று எழுந்தது. சிறிய கோயில், ஆனால் ஓர் உறுப்பும் அலட்சியமாக அமையவில்லை. திருவாரூரில் வீதிவிடங்கர் கோயிலைக் கற்றளியாக்கிப் பொன் வேய்ந்தவள் அணுக்கியார் பரவை நங்கை. மன்னனும் அவளும் நின்று இறைவனை வழிபட்ட இடத்தைக் குறித்து அங்கே ஒரு விளக்கு வைக்கப்பட்டது. இருவர் அருகருகே நின்ற இடத்தை விளக்கால் குறிக்கலாம் என்று எண்ணியவர் யாராயினும் கவிஞரே.

சோழபுரத்து மாளிகைகள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. 1980களில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது தடித்த செங்கற்சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனத்துப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. இறைவனுக்குக் கல், தனக்குச் செங்கல் என்பது அக்காலத்து முறை. மன்னன் படுத்துறங்கிய அறை எது என்று இன்று எவராலும் காட்ட இயலாது.

அந்நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் தலைநகராக விளங்கி, 1279 அளவில் சோழரோடு ஒளி மங்கியது. ஏரியைக் காக்கும் கைகள் இல்லாது போனபின் கால்கள் தூர்ந்தன. ஏரிக்குள் காடு மண்டியது. கோயில் மட்டும் நின்றது. அதற்கும் ஒரு கேடு வந்தது. 1836இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது, கல்லுக்காகக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்தனர். சிற்பக் கற்களும் போயின. ஊர் ஏழைமக்கள் தடுக்க முயன்றனர், தடுக்க முடியவில்லை. கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் எடுத்துத் தருவதாக அதிகாரிகள் வாக்களித்தனர். அந்த வாக்கு நிறைவேறவில்லை என்பதை 1855இல் வெளிவந்த ஆங்கிலக் குறிப்பொன்றே நாணத்தோடு பதிந்துள்ளது.

கீழணையால் விளைந்த நன்மை பெரிது. வீராணம் இன்றும் அதனால்தான் நிரம்புகிறது. ஏரி கண்டவனின் கோயிற்கல் ஆற்றுநீரைத் தேக்கப் போயிற்று என்று மனத்தைத் தேற்றிக்கொள்வாரும் உண்டு. ஆனால் திருமழபாடியில் விமானத்தைப் பிரித்தவர்கள் முதலில் எழுத்தைப் படியெடுத்தார்கள். இங்கே மதிலைப் பிரித்தவர்கள் அதில் எழுத்து இருந்ததா என்றுகூடக் குறித்து வைக்கவில்லை. இரண்டு ஊர்களும் ஒரே ஆற்றின் கரையை ஒட்டியவை. 2004இல் உலக மரபுச் சின்னமாகக் கோயில் அறிவிக்கப்பட்டபோது, போன கற்கள் ஆற்றுக்குள்தான் இருந்தன.

இராசேந்திரனின் இறுதி அவன் கட்டிய நகரத்தில் நிகழவில்லை. 1044இல், வடக்கே தொண்டை நாட்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த பிரமதேசத்தில் அவன் மறைந்தான். தேவியருள் ஒருத்தியான வீரமாதேவி அவனோடு தீப்புகுந்தாள். அவளுடைய உடன்பிறந்தான், படைத்தலைவன் மதுராந்தகனான பரகேசரி வேளான், அவ்விருவர்க்கும் நினைவாக ஓர் அறம் செய்தான். கங்கையைக் கொணர்ந்தவனும், எரியில் மூழ்கிய தன் தங்கையும் நீர்வேட்கை தணிய வேண்டும் என்பது அவன் எண்ணம். விமானமோ பள்ளிப்படையோ அவன் எடுக்கவில்லை. வழிப்போக்கர் குடிக்கப் பிரமதேசத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான்.